பெரிய மெரைன் டேங்குக்கு எந்த ஹீட்டர்: கண்ணாடியா, டைட்டானியமா, ஹீட் பம்ப்பா?

டிஸ்ப்ளே (மீன், கோரல் இருக்கற மெயின் டேங்க்), சம்ப் (ஃபில்டர், ஹீட்டர் வைக்கற தனித் தொட்டி) எல்லாம் சேர்த்து 1000 லிட்டர் பக்கம் போற உப்புத்தண்ணி சிஸ்டத்துக்கு ஹீட்டர் தேடுறவங்க முதல்ல கேக்குறது எந்த பிராண்டு, எத்தனை வாட்னுதான். அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, இந்த ஹீட்டர் கெட்டுப்போனா எப்படி கெட்டுப்போகும்ங்கறது. ஏன்னா எந்த ஹீட்டரும் ஒருநாள் கெட்டுத்தான் போகும். ஆஃப் ஆகி நின்னுட்டா அவ்வளவு தண்ணி மெதுவாத்தான் ஆறும், கவனிக்க டைம் இருக்கு. ஆன்லயே ஒட்டிக்கிச்சுன்னா தண்ணி சூடு ஏற ஏற அதுல ஆக்சிஜன் குறையும், அதே நேரம் மீனுக்கு ஆக்சிஜன் அதிகமா தேவைப்படும், கோரல் 30 டிகிரிக்கு மேல நாள்கணக்குல நின்னா வெளுக்க ஆரம்பிச்சிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ரூம் 24 டிகிரி, டேங்க் 26ல நிக்கணும், ரூமைவிட ஒரு டிகிரி கூட வச்சிருக்க 100 வாட் செலவாகுதுன்னு வச்சுப்போம். அப்போ நார்மலா தேவை வெறும் 200 வாட்தான். குளிர்காலத்தை நினைச்சு ஒரே 900 வாட் ஹீட்டரா போட்டு அது ஆன்லயே மாட்டிக்கிச்சுன்னா தண்ணி 33 வரைக்கும் போய்த்தான் நிக்கும். அதே 900ஐ மூணு 300ஆ பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி தெர்மோஸ்டாட் (சூட்டைப் பாத்து தானா ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்) இருந்து, அதுல ஒண்ணு மட்டும் மாட்டிக்கிட்டா 27க்கு மேல போகாது. ஒண்ணு செத்துட்டாலும் மிச்ச ரெண்டு தாங்கும். அதனால பெரிய டேங்குக்கு ஒரே பெரிய ஹீட்டர்ங்கற யோசனையையே விட்டுடுங்க.

இப்போ கண்ணாடி ஹீட்டர். விலை கம்மி, எங்க வேணா கிடைக்கும், ஆனா பெரும்பாலும் 300 வாட்டோட நின்னுடும், அதனால மூணு நாலு வாங்கணும். உள்ள இருக்கற பைமெட்டல் தெர்மோஸ்டாட்ல ஒவ்வொரு தடவை ஆன் ஆஃப் ஆகும்போதும் காண்டாக்ட்ல சின்ன பொறி பறக்கும், அப்படியே கருகி கருகி ஒருநாள் ரெண்டும் ஒட்டிக்கும், ஆன்ல மாட்டிக்கறது இப்படித்தான். இன்னொண்ணு, தண்ணி மாத்தறப்போ சம்ப் லெவல் இறங்கி சூடான கண்ணாடி வெளிய தெரிஞ்சு, அதுமேல திரும்ப தண்ணி பட்டுச்சுன்னா விரிசல்தான். தண்ணி எடுக்க கால் மணி நேரம் முன்னாடியே ஆஃப் பண்ணிடணும்.

டைட்டானியம் ராடு உடையாது, உப்புத்தண்ணி அதை அரிக்காது, 500 வாட், 800 வாட்னு கிடைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அதே மாதிரிதானேன்னு அந்தப் பக்கம் போயிடாதீங்க, நல்ல கிரேடா இருந்தாலும் கடல் தண்ணியில குழி விழும். டைட்டானியத்துல பிரச்சனை வேற இடத்துல, வயர் உள்ள போற தலைப்பகுதி சீல் லீக் ஆச்சுன்னா கரண்ட் தண்ணிக்கு வந்துடும், அதனால எர்த் கனெக்‌ஷனும் ஆர்சிசிபியும் (கரண்ட் லீக் ஆனா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இல்லாம இதைத் தொடவே கூடாது.

நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. பல டைட்டானியம் ராடுல உள்ள தெர்மோஸ்டாட்டே கிடையாது, முழுக்க வெளிய இருக்கற கன்ட்ரோலரை (தண்ணி சூட்டைப் பாத்து ஹீட்டருக்குக் கரண்ட் விடற, நிறுத்தற பெட்டி) நம்பித்தான் இருக்கு, அதுக்குள்ள ஸ்விட்ச் வேலை பாக்கற ரிலே ஒட்டிக்கிச்சுன்னா தடுக்க வேற ஆளே இல்ல. கண்ணாடியில அப்படி இல்ல, கன்ட்ரோலரை 26ல வச்சு ஹீட்டரோட சொந்த தெர்மோஸ்டாட்டை 27ல வச்சீங்கன்னா ரெண்டு பூட்டு, தினசரி ஆன் ஆஃப் வேலையை கன்ட்ரோலர் பாத்துக்கறதால உள்ள இருக்கற காண்டாக்ட்டும் தேயாது. அதனால டைட்டானியம் வாங்குறவங்க ரெண்டாவது கன்ட்ரோலரோட விலையையும் சேர்த்துக் கணக்கு பண்ணணும், ரெண்டையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா சீரிஸ்ல மாட்டணும். அந்த பட்ஜெட் இல்லைன்னா கண்ணாடி மூணும் ஒரு நல்ல கன்ட்ரோலரும்தான் பாதுகாப்புன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

கன்ட்ரோலர்னு வந்தா அதோட புரோப் (தண்ணி சூட்டை அளக்கற சென்சார்) எங்க இருக்குங்கறதுதான் எல்லாமே. டிஸ்ப்ளேல புரோப், சம்ப்ல ஹீட்டர்னு வச்சா, சம்ப் தண்ணியை டிஸ்ப்ளேக்கு ஏத்தற ரிட்டர்ன் பம்ப் நின்ன அன்னைக்கு டிஸ்ப்ளே ஆறிட்டே போகும், கன்ட்ரோலர் ஹீட்டரை விடாம ஓட்டும், சம்ப் தண்ணி தாறுமாறா சூடாயிடும். சம்ப்ல ஹீட்டர் இருக்கற அதே தடுப்புலதான் புரோப்பும் இருக்கணும், வெறும் சக்‌ஷன் கப்பை நம்பாம டை போட்டு கட்டிடுங்க, அது நழுவி காத்துல தொங்குச்சுன்னா ரூம் டெம்பரேச்சரைக் காட்டிட்டு ஹீட்டரை ஓயவே விடாது.

பைப் லைன்ல மாட்டற இன்லைன் ஹீட்டர் பாக்க அழகா இருக்கும், ஆனா ஃப்ளோ நின்னா தானா கட் ஆகற ஸ்விட்ச் இல்லாத மாடலை வாங்காதீங்க.

2000 லிட்டரைத் தாண்டினா ஆட்டமே மாறுது. சாதா எலக்ட்ரிக் ஹீட்டர் எதுவா இருந்தாலும் எடுக்கற கரண்ட் அத்தனையும் சூடாத்தான் மாறும், அதனால கரண்ட் மிச்சம் பண்ற ஹீட்டர்னு யாராவது வித்தா நம்பாதீங்க. ஹீட் பம்ப் மட்டும் உண்மையிலேயே வேற, வெளிக்காத்துல இருக்கற சூட்டை இழுத்துத் தண்ணிக்குத் தரதால 1 யூனிட் கரண்டுக்கு 3, 4 யூனிட் சூடு கிடைக்கும். கூலிங்கும் பண்ற மாடல்னா தனியா சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கற மெஷின்) வேண்டாம். தண்ணி தொடற காயில் டைட்டானியம்தானான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, காப்பர்னா இறால், நத்தை, கோரல் எதுவும் மிஞ்சாது.

இவ்வளவு செலவுக்கு முன்னாடி ஆவியாகற தண்ணியைப் பாருங்க. 1 லிட்டர் ஆவியாக கிட்டத்தட்ட 0.68 யூனிட் சூட்டை எடுத்துட்டுப் போகும். ஒரு நாளைக்கு 10 லிட்டர் டாப்-அப் ஊத்தறீங்கன்னா 280 வாட் ஹீட்டர் ராப்பகலா ஓடற அளவு சூடு காத்துல போகுது. சம்ப்பை மட்டும் மூடினாலே அதுல கொஞ்சம் மிஞ்சும், டிஸ்ப்ளேல காத்து போற இடம் இருந்தா போதும்.

எதை வாங்கினாலும் மாட்டின அன்னைக்கே கன்ட்ரோலரை வேணும்னே 29ல வச்சுப் பக்கத்துலயே உக்காந்து பாருங்க, தண்ணி 27ஐத் தொடும்போது ரெண்டாவது பூட்டு கட் பண்ணணும், பண்ணலைன்னா அன்னைக்கே மாத்துங்க.