கொடை மேடையில் டிஜிட்டல் கிட்டார் பெட்டி: ஆறு வருட அனுபவம்

2019 ஆவணியில் 28,500 ரூபாய் கொடுத்து, தரையில் வைத்து மிதிக்கும் டிஜிட்டல் மாடலர் (கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியை நகலெடுத்துத் தரும் பெட்டி) ஒன்றை வாங்கினேன். நூற்றுக்கு மேற்பட்ட ஆம்ப்ளிஃபயர்களும் பெடல்களும் உள்ளே இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். இன்றைக்கு நான் பயன்படுத்துவது நான்கே நான்கு ஒலி. மீதி உழைப்பெல்லாம் எர்த், அடாப்டர், மைக் செட் என்று மின்சாரத்தோடு மல்லுக்கட்டுவதில் போயிற்று. கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி, எந்தக் கம்பெனிப் பெட்டியை வாங்கினாலும் படவேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். கோயில் கொடைத் திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவோடு சுடலைமாடன் கோயில், இசக்கியம்மன் கோயில் என்று ஊர் ஊராகப் போவேன். காலையில் பாமாலை, இரவில் குத்துப்பாட்டு என்று ஒரே பெட்டி இரண்டு வேலையும் பார்க்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியும் என்பதே அதை வாங்கியதற்கு முதல் காரணம். கிட்டார் முதுகில், பெட்டி தோள்பையில், டிரைவருக்குப் பக்கத்து இடம் கிடைத்தால் யோகம்.

முதல் அடி வாங்கியது சபையார் கூடி விருந்துண்ணும் ஓர் அசனப் பண்டிகையில். வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து, பழைய 15 வாட் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பெட்டியைச் செருகி, ஒவ்வோர் ஒலியையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கி வைத்திருந்தேன். பந்தலில் மைக் செட் மிக்ஸரில் நேராகச் செருகி, ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவை மிதித்ததும், அண்டாவில் சோறு கிளறிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மைக் செட் அண்ணாச்சி மெல்ல நடந்து வந்து, "தம்பி, கிட்டாருக்குள் வண்டு ஏதும் புகுந்துவிட்டதா?" என்று கேட்டார்.

கிண்டலாகத் தோன்றினாலும் அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஸ்பீக்கர், 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கையை விரித்துவிடும். அந்த இயலாமைதான் ஓவர்டிரைவின் கரகரப்பை வடிகட்டி இனிமையாக்குகிறது. மைக் செட் பெட்டியில் ட்வீட்டரோ ஹார்னோ இருக்கும். அது 15,000 வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். அதனால் மைக் செட்டுக்குப் போகும்போது மாடலருக்குள் இருக்கும் கேபினெட் சிமுலேஷனை, அதாவது கிட்டார் ஸ்பீக்கர் போலவே வடிகட்டும் வசதியை, போட்டே ஆகவேண்டும். வீட்டில் உண்மையான கிட்டார் ஸ்பீக்கர் இருந்ததால் நான் அதை அணைத்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எப்போதும் போட்டே வைத்திருந்தேனா, அடுத்த மாதமே ஒரு கல்லூரி விழாவில் மேடையில் நிஜமான கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஸ்பீக்கருக்கு மேல் ஸ்பீக்கர். கிட்டாருக்குக் கம்பளி போர்த்திவிட்டது போல அமுங்கிக் கிடந்தது. இப்போது குளோபல் செட்டிங்கில் நிரந்தரமாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன்: எக்ஸ்எல்ஆர் என்ற மைக் கேபிள் வழியாக மிக்ஸருக்குப் போவது கேபினெட்டோடு, கால் அங்குல ஜாக் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போவது கேபினெட் இல்லாமல். இந்த வசதி உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். நூறு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா என்று கேட்பதைவிட இது முக்கியம்.

இனி இரைச்சல். இதைப் பற்றி நான் இரவெல்லாம் பேசுவேன், வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு கொடை. ஜெனரேட்டரில்தான் எல்லாம். பெட்டியைச் செருகியதுமே 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆனால் காதில் பலமாக விழுவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100. கிட்டாரின் ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டைப் பிடித்தால் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். அதாவது ஜி-யைத் தட்டினால் ரீங்காரம் அதற்கு ஒரு முடி மேலே நின்றுகொண்டு, வினாடிக்கு இரண்டு முறை மோதி மோதி அலைந்தது. சகிக்கவில்லை. அப்போது கோயில் வாசலில் சீரியல் விளக்குத் தோரணங்களை மொத்தமாக எரியவிட்டார்கள். பாரம் கூடியதும் ஜெனரேட்டர் முக்கியது, ரீங்காரத்தின் சுருதி மெதுவாக இறங்கியது, இறங்கி நேராக ஜி-யில் வந்து உட்கார்ந்துவிட்டது. 1,500 சுற்றில் ஓடவேண்டிய ஜெனரேட்டர் 1,470-க்கு வந்திருக்கிறது என்று மேடையில் இருந்தபடியே சொல்லலாம். அன்றைக்குக் கீபோர்டு தம்பியிடம், "எல்லாப் பாட்டையும் ஜி-யிலேயே வாசித்துவிடுவோமா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை, அவனுக்கும் அதே ரீங்காரம்.

காரணம் எளிது. மிக்ஸருக்கு ஓர் ஒயரிலிருந்து மின்சாரம், எங்களுக்கு விளக்குக்காரர் இழுத்த வேறோர் ஒயரிலிருந்து மின்சாரம். இரண்டு எர்த்துக்கும் இடையில் வித்தியாசம். அந்த வித்தியாசம் என் ஆடியோ கேபிளின் உறை வழியாக ஓடிச் சமன் செய்துகொள்கிறது. இப்போதெல்லாம் மேடை ஏறியதும் முதல் வேலை, மிக்ஸர் எந்தப் பலகையில் செருகியிருக்கிறதோ அதே பலகையிலிருந்து எனக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் கேட்பது. அதற்கும் அடங்காவிட்டால், உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை (பெட்டிக்கும் மிக்ஸருக்கும் இடையில் போடும் சின்னப் பெட்டி) நடுவில் போட்டு, கேபிள் உறையின் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் விசையைத் தள்ளுவேன். பத்துக்கு ஒன்பது முறை அத்தோடு அமைதி. சில பழைய மிக்ஸர்களில், சிலவகை மைக்குகளுக்காக மிக்ஸரே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் எல்லா சானலுக்கும் ஒரே பொத்தானில் ஓடும். அந்த 48 வோல்ட் நம் பெட்டிக்குள் நுழையாமலும் இந்த ட்ரான்ஸ்ஃபார்மர் பார்த்துக்கொள்ளும்.

பிளக்கின் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று நாலு பேர் சொல்வார்கள். நிற்கும்தான். ஆனால் அந்த முள்தான் உங்களுக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது. அதே கொடையில் கோரஸ் பாட மைக்கை நெருங்கியபோது உதட்டில் கட்டெறும்பு கடித்தது போல ஒரு சுரீர். மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வைத்தால் 90 வோல்ட் காட்டியது. இரண்டு முள் அடாப்டர்களில் எர்த் கிடையாது. வடிகட்டிக் கபாசிட்டர் வழியாகக் கசிகிற மின்சாரம் அப்படி மிதந்துகொண்டிருக்கும். அளவு மிகச் சிறியது, சுரீர் என்பதோடு போய்விடும். ஆனால் எதிரே இருப்பது கசிவா, மிக்ஸர் உடலிலேயே ஃபேஸ் ஏறியிருக்கிறதா என்று உதட்டுக்குத் தெரியாது. அன்றிலிருந்து பாடுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்க்கிறேன். இருநூறுக்கு மேல் காட்டினால் சரிசெய்யும்வரை கிட்டாரைத் தொடுவதில்லை. குழுவில் எனக்கு இதற்காக ஒரு பட்டப்பெயர் உண்டு, இங்கே வேண்டாம்.

நாய்ஸ் கேட் என்ற ஒன்று எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. இரைச்சலை அது நீக்குவதில்லை, வாசிக்காத நேரத்தில் கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். அளவைக் கூட்டினால் நீட்டிப் பிடித்த சுரத்தின் வாலையும் நறுக்கிவிடும். கீர்த்தனைக்கு மெதுவாக வாசிக்கும்போது இது அசிங்கமாகத் தெரியும்.

ஒலி அமைப்பதில் நான் வீணாக்கிய நாட்களுக்குக் கணக்கில்லை. இரவு 11 மணிக்கு மாடியறையில், பிள்ளைகள் தூங்குவதால் மெதுவாக வைத்து, அடியும் உச்சியும் கூட்டிக் கூட்டித் தித்திப்பாக ஓர் ஒலி அமைப்பேன். மேடையில் அதே ஒலி, அடி முழங்கி உச்சி குத்தும். சத்தம் குறைவாக இருக்கும்போது காது அடியையும் உச்சியையும் சரியாகக் கேட்பதில்லை. நடுவை மட்டுமே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். நான் 2020-ல் கண்டுபிடித்தேன். இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின், அரை மணி நேரம் ஆலய மைக் செட்டிலேயே, வாசிக்கும் சத்தத்தில் வைத்துத்தான் திருத்துகிறேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000-க்கு மேலும் வெட்டு. ரிவெர்ப் என்ற எதிர்முழக்கம் கிட்டத்தட்டப் பூச்சியம். உயரக் கூரை போட்ட ஆலயம் அதை இலவசமாகத் தருகிறது.

அந்த நான்கு ஒலியையும் சொல்லிவிடுகிறேன். 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ளிஃபயர் சாயலில் கோரஸ் எஃபெக்ட் கலந்த ஒரு சுத்த ஒலி, தாளத்துக்கு லேசான கரகரப்பு, தனி வாசிப்புக்கு ஒன்று, டிலே (எதிரொலி) போட்டு, சுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டும் ஆர்பெஜியோவுக்கு ஒன்று. தனி வாசிப்பு மற்றவற்றைவிட 3 டெசிபெல் மட்டும் கூடுதல். முன்பு காதை நம்பி 8 டெசிபெல் ஏற்றி வைத்து மைக் செட் அண்ணாச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது மிக்ஸர் மீட்டரைப் பார்த்துச் சமன் செய்கிறேன். டிலேவுக்கு 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் (நிமிடத்துக்கு இத்தனை அடி) வகுத்தால் ஒரு அடியின் மில்லிசெகண்ட் வந்துவிடும். 90 வேகத்துக்கு 667. அதில் முக்கால் 500. இந்த 500-ஐ வைத்துக்கொண்டு பாதிப் பாடல்களை ஓட்டிவிடலாம்.

ஊரடங்கில் ஆராதனை எல்லாம் ஆன்லைனில் போனபோது யுஎஸ்பி வழியாகப் பதிவு செய்து அனுப்பினேன். வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் ரேட்டில், 128 மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் என்றால் தாமதம் 3 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவு; உள்ளே வெளியே போகும் நேரத்தையும் சேர்த்தாலும் விரலுக்குத் தெரியவில்லை. புளூடூத் ஹெட்போனில் முயன்றேன், எதிரொலியோடு சண்டை போடுவது போல இருந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் பதிவில் கீச்சொலி போய்விடும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டது.

பெட்டி ஒரே ஒரு முறை உயிரை விட்டது, அதுவும் என் அவசரத்தால். சித்திரை மாதம் ஒரு மாலை, வானம் கறுத்துக்கொண்டு வரும்போது ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) அப்டேட் போட்டேன். லேப்டாப்புக்கு பேட்டரி இருந்தது, பெட்டிக்கு ஏது? 60 சதவீதத்தில் கரண்ட் போய், திரும்ப வந்தபோது லோகோவோடு நின்றுவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குப் போன் செய்தால் சென்னைக்கு அனுப்பு, ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், இரண்டு விசைகளை மிதித்தபடி ஆன் செய்தால் மீட்பு நிலைக்குப் போகும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அதிலும் முதல் கேபிள் வேலை செய்யவில்லை. அது போன் சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கேபிள், டேட்டா ஒயரே இல்லை. இரண்டாவது கேபிளில் பிழைத்தது, ஆனால் ஒலிகள் எல்லாம் போயின. பேக்கப் எடுத்து வைத்திருந்தேனா என்று கேட்காதீர்கள். இப்போது அப்டேட் என்றால் யுபிஎஸ்ஸில்தான், அதுவும் கச்சேரி இல்லாத மாதத்தில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் முழங்கால் அளவு. பெட்டி பரணில் இருந்தது, தப்பித்தது. அடாப்டர் கீழ்த்தட்டில் இருந்து நீரில் ஊறிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை. கீபோர்டு தம்பி தன் அடாப்டரைத் தந்தான். முனை கச்சிதமாகப் பொருந்தியது. செருகப்போகும் நொடியில் அதன் அடியில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்தேன்: 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். என் பெட்டிக்கு வேண்டியது 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கிட்டார் பெடல் உலகமே அப்படித்தான். செருகியிருந்தால் வெள்ளம் விட்டதை நான் முடித்திருப்பேன். கடைசியில் டவுன் ரத வீதிப் பக்கம் ரேடியோ பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், 9 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றின் ஒயரை வெட்டி, மாற்றிப் பற்றவைத்து, மீட்டரில் காட்டி, பாலித்தீன் டேப் சுற்றிக் கொடுத்தார். 150 ரூபாய். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பயமில்லை, பெட்டி வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட்டும் முனையும் மாறினால்தான் ஆபத்து.

2011-ல் கெம்பர் உண்மையான ஆம்ப்ளிஃபயரையே நகலெடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது; இப்போது செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்கும் நியூரல் வகைகள் வந்துவிட்டன, இலவச மென்பொருளே கிடைக்கிறது. நண்பனிடம் ஒன்றை வாங்கி வாசித்துப் பார்த்தேன். ஹெட்போனில் சொக்கிப்போனேன். பணகுடிப் பக்கம் ஒரு மைதானத்தில், ஹார்ன் பெட்டி வழியாக, சத்தத்தில் பாதி காற்றோடு வள்ளியூருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்துக் காட்டினேன். குழுவில் ஒருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. என் பெட்டியை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

அந்தக் காற்றுதான் இப்போதைய தலைவலி. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் மேடை போட்டால் தூசி விசைகளுக்குள் நுழைந்துவிடுகிறது. மூன்றாவது விசையை ஒரு முறை மிதித்தால் இரண்டு முறை மிதித்ததாக எடுத்துக்கொண்டு, தனி வாசிப்பு ஒலி வந்த வேகத்தில் போய்விடுகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் இரண்டு கொடை தாங்கும். விசையையே மாற்ற 120 ரூபாய்தான், ஆனால் பின்பக்கம் பதினான்கு திருகு. ஆடி முடியட்டும் என்று தனி வாசிப்பை நான்காவது விசைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். பழக்கத்தில் கால் இன்னும் மூன்றுக்கே போகிறது.