பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கல்லூரி முடித்து முதல் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் கவனத்துக்கு. வேலை தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும் என்றால் காட்டுங்கள், ஆனால் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டையும் என்னிடம் வாங்கிக்கொண்டு, வேலையும் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்த ஒரு நிறுவனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. அந்தப் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு அதே ஆட்கள் வேறு பெயரில் நடத்துகிறார்கள். அவர்கள் செய்யும் முறை தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

கண்ணில் பட்ட விளம்பரங்களில் பாதிக்கு மேல் ஓராண்டு, ஈராண்டு அனுபவம் கேட்டன. ஃப்ரெஷர் என்று போட்டிருந்தவற்றுக்கு விண்ணப்பித்தால் பதிலே வராது. இந்த ஆட்கள் கடை விரிப்பது சரியாக அந்த இடத்தில்தான். வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூமேயை ஏற்றிய சில நாட்களிலேயே அழைப்பு வந்தது. பேசிய பெண்மணிக்கு என் பெயர், படிப்பு, தேர்ச்சி பெற்ற ஆண்டு, கடைசி வருட ப்ராஜெக்ட்டின் தலைப்பு வரை எல்லாம் தெரிந்திருந்தது. நம்பிக்கை வந்ததற்கு அதுவே காரணம். ரெஸ்யூமேயை எல்லோரும் பார்க்கும்படி வைத்தால், ரெக்ரூட்டர் கணக்கு வைத்திருக்கும் யாரும் அதை இறக்கிக்கொள்ள முடியும். ஆகவே உங்களைப் பற்றி ஒருவருக்கு நிறையத் தெரிந்திருப்பது அவர் உண்மையானவர் என்பதற்கு அடையாளம் ஆகாது.

நேர்காணலில் பாடத்தைப் பற்றி ஓரிரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார்கள். மீதி நேரமெல்லாம் வீட்டைப் பற்றி. அப்பா என்ன வேலை செய்கிறார், கல்விக் கடன் இருக்கிறதா, அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் புரட்ட முடியுமா. அக்கறையாக விசாரிப்பது போலத்தான் இருந்தது. எங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று எடை போட்டிருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு உங்கள் குடும்பத்தின் கடன் கணக்கு எதற்கு? அந்தக் கேள்வி வந்தாலே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து ஆஃபர் லெட்டர். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மோசடி மொத்தமும் அந்தத் தாளிலேயே இருந்தது. பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரோடு பின்னால் ஒரு சொல்லை மட்டும் ஒட்டியிருந்தார்கள். மின்னஞ்சல் முகவரியிலும் அதே பெயர், நடுவில் ஒரு சிறுகோடு கூடுதலாக. சம்பளம் தடித்த எழுத்தில், பதவி தடித்த எழுத்தில். சேரும் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘பயிற்சி நிறைவடைந்த பின்’ என்று மட்டும். பயிற்சிக் காலத்தில் ஊதியம் இல்லை என்பது கடைசிப் பக்கத்தில். பயிற்சியில் சேர அவர்கள் கேட்ட டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்று எழுதியிருந்தது உண்மைதான். கூடவே, ‘பயிற்சியைத் திருப்திகரமாக முடித்தால்’ என்று ஒரு நிபந்தனை. திருப்தியா இல்லையா என்று முடிவு செய்வது அவர்கள்தான்.

பணத்தை நிறுவனத்தின் கணக்கில் கட்டச் சொல்லவில்லை, தனிநபர் ஒருவரின் கணக்கு எண்ணைக் கொடுத்தார்கள். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என்றார்கள். கட்டிய பிறகு ஒரு ரசீது வந்தது. வாயால் ‘டெபாசிட்’ என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு, ரசீதில் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று போட்டிருந்தார்கள். இந்த ஒற்றை வரிதான் பின்னால் என் கையைக் கட்டிப்போட்டது. புகார் கொடுக்கப் போனபோது அங்கிருந்தவர்கள், “நீங்கள் ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள், அவர்களும் பாடம் நடத்தியிருக்கிறார்களே” என்றார்கள். யாராவது உங்களிடம் பணம் வாங்கினால் ரசீதில் எதற்கான பணம் என்று எழுதியிருக்கிறது என்பதை அங்கேயே படித்துப் பாருங்கள். வாயால் சொன்னதை ஒரு மின்னஞ்சலாகவாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பார்கள், அப்போது தெரிந்துவிடும்.

பயிற்சி என்று நடந்ததெல்லாம் பதிவு செய்யப்பட்ட காணொளிகளை ஓடவிட்டதுதான். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். அவரும் எங்களுக்கு முந்தைய பேட்ச்சில் பணம் கட்டிவிட்டு வேலைக்காகக் காத்திருப்பவர் என்று மெதுவாகத்தான் தெரிந்தது. கிளையன்ட் ப்ராஜெக்ட் தள்ளிப்போகிறது, அடுத்த மாதம் நிச்சயம் என்று ஒவ்வொரு மாதமும் சொன்னார்கள். நடுவில் லேப்டாப்புக்கு என்று ஒரு தொகை, பின்னணிச் சரிபார்ப்புக்கு என்று இன்னொரு தொகை கேட்டார்கள். நான் அவற்றைக் கட்டவில்லை. கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக் கட்டணத்தின் பெயரை மாற்றி மாற்றிக் கேட்பது பழைய வழக்கம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த 181-ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, விதிவிலக்குகளுக்கும் அதில் இடமுண்டு. ஆனாலும் அளவுகோல் அதுதான். அதே அமைப்பு 2019-இல் வெளியிட்ட வரையறையில் பயிற்சிச் செலவு, திறன் தேர்வு, கருவிகள், மருத்துவப் பரிசோதனை, நிர்வாகச் செலவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, இவையும் ஆளெடுப்புச் செலவில் சேரும், வேலை தேடுபவர் தலையில் கட்டக் கூடாதவை என்று வைத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்ட அத்தனை தொகைக்கும் அந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது.

எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் சோர்ந்துபோன நேரம் பார்த்து அடுத்ததை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் தயார் செய்து தருகிறோம், அதைக் காட்டி வெளியே நல்ல கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்றார்கள். தயவுசெய்து இதன் பக்கமே போகாதீர்கள். நான் மறுத்துவிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் வீட்டு நெருக்கடியில் வாங்கிக்கொண்டான். வேலையும் கிடைத்தது. பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் சான்றிதழில் இருக்கும் தொலைபேசி எண்ணை மட்டும் நம்புவதில்லை. அப்படி ஒரு நிறுவனம் அந்த ஆண்டுகளில் இயங்கியதா என்று பார்ப்பார்கள், சம்பளம் வங்கியில் ஏறியதற்கு ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், வரிப் பதிவுகளைக் கேட்பார்கள். அவனிடம் எதுவும் இல்லை. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அனுபவம் இல்லை என்பது ஒரு குறை மட்டும்தான், காலத்தோடு போய்விடும். போலி ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் அப்படிப் போகாது. சிறைக்குப் போகக்கூடிய குற்றமும்கூட. அவன் நல்லவன், கெட்டிக்காரன். அவனை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் இருக்கிறது.

நான் விலகுகிறேன் என்றதும் ஒரிஜினல்களைத் தர மறுத்தார்கள். நடுவில் விலகமாட்டேன் என்று பாண்ட் போட்டிருக்கிறீர்கள், அதை முறிப்பதற்கான தொகையைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். பணத்தைப் பற்றிய பேச்சில் வளைந்து வளைந்து பதில் சொன்னவர்கள், சான்றிதழ் விஷயத்தில் புகார் எண்ணைப் பார்த்ததும் கொடுத்துவிட்டார்கள். பணம் இன்றுவரை வரவில்லை.

ஆஃபர் லெட்டர் வந்தால், அது வந்த மின்னஞ்சலின் டொமைன் பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) எப்போது பதிவானது என்று பாருங்கள். அதை யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எனக்கு வந்ததன் டொமைன் சமீபத்தில்தான் பதிவாகியிருந்தது, அவர்களோ பல ஆண்டு பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள். ‘இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்’ என்றால் போகட்டும்.

பிறகு எனக்கு வேலை கொடுத்தது ஒரு சின்ன நிறுவனம். அவர்களும் விளம்பரத்தில் ஓராண்டு அனுபவம் கேட்டிருந்தார்கள், இருந்தாலும் விண்ணப்பித்தேன். என் கல்லூரி ப்ராஜெக்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதை ஏன் இப்படிச் செய்தாய், இங்கே பிழை வந்தால் என்ன செய்வாய் என்று விடாமல் கேட்டார்கள். சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, அதே மேசையில் என் கையில் திருப்பித் தந்தார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, அழைப்பு விவரம் எதையும் அழிக்காதீர்கள். ‘இதைக் கட்டினால் பழையதும் சேர்த்து வந்துவிடும்’ என்று கேட்கும் அடுத்த தொகையைக் கட்டாதீர்கள். அப்புறம் இன்னொன்று: ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், வழக்கறிஞர் கட்டணம் மட்டும் முன்பணமாகக் கொடுங்கள் என்று ஒருவர் என்னையும் அழைத்தார். நான் கட்டிய தொகையைச் சரியாகச் சொன்னார். அதுவும் மோசடிதான், துண்டித்துவிட்டு அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.