ஜப்பான் ரயில் பாஸ்: டிராவல்ஸில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா பக்கம் மட்டும் சுற்றிவிட்டு வரப் போகிறவர்களுக்கு, ஜப்பான் முழுவதற்குமான 7 நாள் ரயில் பாஸை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். எங்கள் குடும்பத்தின் தலையில் அதைத்தான் கட்டினார்கள். ஆளுக்கு 50,000 யென் பாஸ். எங்கள் பாதைக்கு 17,000 யென் பாஸே தாராளமாகப் போதும். போதும் என்பதுகூட இல்லை, ஒரு விஷயத்தில் அந்த விலை குறைந்த பாஸ்தான் உசத்தி. அதைப் பிறகு சொல்கிறேன்.

விற்றவர்கள் எங்கள் ஊரில் வருஷக்கணக்காக இருக்கும் ஒரு டிராவல்ஸ். புகார் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. தயவுசெய்து கேட்காதீர்கள்.

பயணத் திட்டத்தை நாங்கள் எழுதியே கொடுத்திருந்தோம். கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி கியோட்டோவில் தங்கல், ஒரு நாள் நாரா, பிறகு ஹிமேஜி கோட்டையைப் பார்த்துவிட்டு ஹிரோஷிமா, மியாஜிமா தீவு, கடைசியில் ஒசாகா வந்து அங்கிருந்தே ஊருக்கு விமானம். டோக்கியோ திட்டத்திலேயே கிடையாது. இதைப் படித்துவிட்டு அந்த ஆள் சொன்னது: “சார், தனித்தனியா டிக்கெட் எடுத்தா கட்டுபடியாகாது. ஆல் ஜப்பான் பாஸ் போட்டுடுங்க. புல்லட் ரயில், மெட்ரோ, பஸ் எல்லாமே ஃப்ரீ. 7 நாளையும் எப்ப வேணும்னாலும் பிரிச்சு யூஸ் பண்ணிக்கலாம்.”

இதில் ஒரு வாக்கியம்கூட உண்மை இல்லை.

முதலில் “கட்டுபடியாகாது” என்பதை எடுத்துக்கொள்வோம். இந்த நாடு தழுவிய பாஸ் 2023 அக்டோபர் வரை 29,650 யென். அப்போது டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய போட்ட காசு வந்துவிடும், அதனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அந்த மாதம் விலையை 50,000 ஆக்கினார்கள். இப்போது டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 40,000 யென்னைத் தாண்டாது. பழைய யூடியூப் வீடியோக்களில் “முதல் வேலையாக பாஸ் வாங்குங்கள்” என்று சொல்வதெல்லாம் பழைய விலையை வைத்து. டிராவல்ஸ்காரர்களும் அதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். விலை ஏறினால் அவர்கள் கமிஷனும் ஏறும், அவர்கள் ஏன் நிறுத்தப் போகிறார்கள்?

எங்கள் பாதைக்குத் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டேன். விமான நிலையத்திலிருந்து கியோட்டோ வரும் ஹருகா ரயிலுக்கு வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தள்ளுபடி டிக்கெட் இருக்கிறது, 2,200 யென் அளவில். நாரா போய்வர 1,500க்குள். பெரிய செலவு ஒசாகாவின் புல்லட் ரயில் நிலையமான ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா புல்லட் ரயில்தான், ஒரு பக்கத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். மியாஜிமா படகு, ஹிமேஜி, ஒசாகாவிலிருந்து விமான நிலையம் என்று எல்லாம் சேர்த்தாலும் முப்பதாயிரம் யென்னைச் சுற்றித்தான் வருகிறது. அதாவது பாஸே இல்லாமல் போயிருந்தால்கூட ஆளுக்கு இருபதாயிரம் யென் மிச்சம்.

மேற்கு ஜப்பான் ரயில்வேயின் கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் என்று ஒன்று உண்டு. 5 நாள், 17,000 யென். ஹருகா, நாரா, ஹிமேஜி, ஹிரோஷிமா, மியாஜிமாவுக்கு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) படகு எல்லாம் அதற்குள் அடங்கும். எங்கள் திட்டத்தைப் பார்த்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. டிராவல்ஸ்காரர் இதன் பெயரைக்கூட எடுக்கவில்லை.

ஒரு விஷயத்தில் உசத்தி என்று சொன்னேனே, அது இதுதான். அந்தப் பாதையில் வேகமான புல்லட் ரயில்கள் நொசோமி, மிசுஹோ. 17,000 யென் பாஸில் ஷின்-ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையே அவற்றில் கூடுதல் காசு இல்லாமல் ஏறலாம். 50,000 யென் பாஸில் ஏற வேண்டுமென்றால் தனியாக இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில். இருக்கை பதிவு செய்யப் போனபோது கவுன்ட்டரில் இதைச் சொன்னார்கள். மூன்று மடங்கு காசு கொடுத்தவனுக்கு அந்த ரயில் கிடையாதாம்! சரி, சகுரா என்ற ரயிலில் போனோம். அது பாஸில் வரும், நேரமும் பெரிதாகக் கூடவில்லை. உங்களிடம் ஏற்கெனவே அந்தப் பெரிய பாஸ் இருந்தால் நொசோமிக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், சகுராவே போதும்.

நியாயமாகச் சொன்னால் சிறிய பாஸிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கியோட்டோவில் புல்லட் ரயில் நிற்கும், ஆனால் அங்கே அந்தப் பாஸை வைத்து ஏற முடியாது. ஜப்பானிய அரசு ரயில்வேயை 1987இல் பல கம்பெனிகளாகப் பிரித்தபோது டோக்கியோ முதல் ஷின்-ஒசாகா வரையிலான புல்லட் பாதை மத்திய ஜப்பான் கம்பெனிக்குப் போனது. ஷின்-ஒசாகாவுக்கு மேற்கே உள்ளது மேற்கு ஜப்பான் கம்பெனிக்கு. எனவே கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை சாதாரண விரைவு ரயிலில் வந்து, அங்கே மாற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் முடிகிற விஷயம். இதற்காக முப்பத்து மூவாயிரம் யென் கூடக் கொடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

மெட்ரோ, பஸ் ஃப்ரீ என்றதும் பொய். கியோட்டோவின் நகரப் பேருந்தும் சுரங்க ரயிலும் எங்களுக்கு விற்ற பாஸில் வராது. ஒசாகா மெட்ரோவும் அப்படித்தான். நாராவில் மான்கள் இருக்கும் பூங்காவுக்குப் பக்கத்தில் இருப்பது கிந்தெத்சு என்ற தனியார் ரயில்வேயின் நிலையம், அதிலும் பாஸ் செல்லாது. ஜேஆர் நாரா நிலையத்திலிருந்து நல்ல நடை. முட்டி வலி உள்ள என் அம்மாவை அந்தத் தூரம் நடக்க வைத்தோம். ஹிரோஷிமாவில் மட்டும் ஒரு ஆறுதல்: அமைதிப் பூங்கா வழியாகச் சுற்றும் ஜேஆரின் சுற்றுலாப் பேருந்தில் பாஸைக் காட்டி ஏறலாம். டிராமில் ஏறினால் காசு. மியாஜிமாவுக்கு இரண்டு கம்பெனிப் படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஜேஆர் படகைப் பார்த்து ஏறுங்கள். பாஸ் இருந்தாலும் தீவுக்கான வரி 100 யென் தனி.

அடுத்து “பிரிச்சு யூஸ் பண்ணிக்கலாம்”. முடியாது. தொடங்கிய தேதியிலிருந்து தொடர்ந்து 7 நாள். 24 மணி நேரக் கணக்கும் இல்லை, தேதிக் கணக்கு. நாங்கள் இறங்கியதே ராத்திரியில். அன்றைக்கே தொடங்கியிருந்தால் ஒரு நாள் பாழ். கவுன்ட்டரில் இருந்த பெண் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று கேட்டதால் தப்பித்தோம்.

இதுவரை சொன்னது பண நஷ்டம். மச்சினன் விஷயத்தில் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. என் மனைவியின் தம்பி ஒசாகாவில் வேலை பார்க்கிறான். எங்களோடு சுற்றுவதற்காக லீவு போட்டிருந்தான். அவனுக்கும் சேர்த்தே பாஸ் விற்றார்கள். அவன் வேலை விசாவில் அங்கே குடியிருப்பவன் என்று வாட்ஸ்அப்பில் எழுதி, குடியிருப்பு அட்டையின் படத்தையும் அனுப்பியிருந்தோம். “நோ பிராப்ளம் சார், இந்தியன் பாஸ்போர்ட் இருந்தா போதும்” என்று பதில் வந்தது. போதாது. வெளிநாட்டவர் என்றால், இந்த இரண்டு பாஸ்களுமே குறுகிய காலப் பயணியாக நாட்டுக்குள் வந்தவர்களுக்கு மட்டும். பாஸ்போர்ட்டில் அதற்கான முத்திரையோ ஸ்டிக்கரோ இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிராவல்ஸில் கொடுத்த வவுச்சரை வாங்கிக்கொண்டு பாஸாக மாற்றித் தருவார்கள். கவுன்ட்டரில் அவனைப் பார்த்துத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள், பாஸ் தரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, விதி அது. கையோடு ஒரு கையேட்டை எடுத்துப் பிரித்து, நீங்கள் போகிற ஊர்களுக்கு இதுதானே சரி என்று 17,000 யென் பாஸைக் காட்டியதும் அவர்கள்தான். எங்கள் நால்வருக்கும் உள்ளே எரிந்தது. மச்சினன் எல்லா இடத்துக்கும் டிக்கெட் எடுத்தே கூட வந்தான்.

உங்கள் வீட்டு ஆள் யாராவது அங்கே வேலையிலோ படிப்பிலோ இருந்தால் இதைக் கவனியுங்கள். எல்லாப் பாஸுக்கும் ஒரே விதி இல்லை. டோக்கியோவைச் சுற்றியுள்ள பகுதிக்கான டோக்கியோ வைட் பாஸை அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவரும் வாங்கலாம். எந்தப் பாஸானாலும் யார் வாங்கலாம் என்பதை ரயில்வேயின் தளத்திலேயே பாருங்கள். விற்பவர் வாயிலிருந்து கேட்காதீர்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா? மாற்றாத வவுச்சரை, அதை விற்ற இடத்தில்தான் திருப்பிக் கொடுக்க முடியும். ஜப்பானில் எந்த நிலையத்திலும் வாங்க மாட்டார்கள். ஊருக்கு வந்து கேட்டால், “எங்க பாலிசில கேன்சலேஷன் கிடையாது சார்” என்றார்கள். ரயில்வேயின் விதிப்படி கட்டணம் கழித்துக்கொண்டு திருப்பித் தரலாம் என்று காட்டிய பிறகும் அதே பதில். இவ்வளவுக்கும் பாஸ் ஒன்றுக்கு எங்களிடம் வாங்கியது 31,000 ரூபாய். அன்றைய மாற்று விலைக்கு 28,000தான் வரும். மீதி என்ன என்று கேட்டால் சர்வீஸ் சார்ஜ், கூரியர். பில்லில் இரண்டும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். வாட்ஸ்அப் உரையாடல், பில், மாற்றாத வவுச்சர் மூன்றையும் இணைத்தேன். அதன் பிறகு மச்சினனின் பாஸுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். மற்ற பாஸ்கள் “யூஸ் பண்ணிட்டீங்களே” என்று கையை விரித்துவிட்டார்கள். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால், வாயால் பேசியதை உடனே ஒரு மெசேஜாக எழுதி “நீங்கள் சொன்னது இதுதானே” என்று கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். என் புகாரில் நிற்பது அந்த “நோ பிராப்ளம் சார்” ஒன்றுதான்.