எல்டன் ரிங் ஆயுதங்கள்: எந்த பில்டுக்கு எது கைகொடுக்கும்?

ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2022 பிப்ரவரியில் வெளிவந்த எல்டன் ரிங் வீடியோ கேமில் ஆயுதங்களுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் விளக்கத்துக்குத்தான். எந்த எண் எதனால் ஏறுகிறது என்று கேம் தன் வாயால் சொல்வதில்லை. அதனால் பலர் பட்டியலில் தாக்குதல் எண் பெரிதாகத் தெரியும் வாளைத் தூக்கிக்கொண்டு போய், முதல் பெரிய பாஸிடம் மூச்சுத் திணறுகிறார்கள்.

ஆயுதத்தின் விவரத் திரையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பிசிக்கல் தாக்குதலுக்கு நேராக இரண்டு எண்கள் இருக்கும், நடுவில் ஒரு கூட்டல் குறி. முதல் எண் ஆயுதத்தின் சொந்த பலம். இரண்டாவது, உங்கள் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி (சுருக்கமாக டெக்ஸ்) போன்ற புள்ளிகள் சேர்த்துக் கொடுத்தது. இந்தப் புள்ளிகளை எதில் குவிக்கிறீர்கள் என்பதுதான் பில்ட். சாமுராய் என்ற தொடக்க வகுப்பு ஆரம்பத்திலேயே கையில் வைத்திருக்கும் உச்சிகட்டானாவுக்கு முதல் எண் 115. அதையே +25 வரை தீட்டினால் 281 ஆகிறது, உங்கள் புள்ளி ஒன்றுகூட ஏறாமல். மேலும், கூட்டல் குறிக்கு வலப்பக்கம் வரும் எண்ணும் ஆயுதத்தின் நிலை ஏற ஏறத்தான் வளரும். ஆகவே ஆட்டத்தின் முதல் பாதியில் லெவல் ஏற்றச் செலவாகும் ரூன்களை டெக்ஸில் கொட்டுவதைவிட, ஆயுதம் தீட்ட உதவும் ஸ்மிதிங் ஸ்டோன் தேடுவது பல மடங்கு லாபம். லெவல் 40 வரை வந்தும் ஆயுதம் +3இல் நின்றால், பில்டை மாற்றிப் பயனில்லை. கொல்லனிடம் போக வேண்டும். சர்ச் ஆஃப் எல்லே பட்டறையில் +3க்கு மேல் போகாது, ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் ஹ்யூக்கிடம் செல்ல வேண்டும்.

செலவுக் கணக்கையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண ஆயுதத்துக்கு ஒவ்வொரு தரக் கல்லும் 2, 4, 6 என 12 வேண்டும். எட்டுத் தரங்களுக்கும் சேர்த்து 96 கற்கள், கடைசிப் படிக்கு ஒரு ஏன்ஷியன்ட் டிராகன் ஸ்மிதிங் ஸ்டோன். சோம்பர் கல் கேட்கும் சிறப்பு ஆயுதங்களுக்கோ தரத்துக்கு ஒன்றே ஒன்று. ஒன்பது கற்களும் ஒரு டிராகன் சோம்பரும் போட்டால் +10, வேலை முடிந்தது. இன்னும் எந்த ஆயுதம் என்று முடிவாகாதவர்கள் சோம்பர் ஆயுதங்களை நான்கைந்து வைத்துப் பார்க்கலாம். சாதாரண ஆயுதத்தில் அப்படிப் பரிசோதனை செய்தால் கற்கள் காலியாகிவிடும். ராயா லூகேரியா கிறிஸ்டல் டனலின் பாஸை முடித்தால் கிடைக்கும் பெல் பேரிங் என்ற பொருளை ரவுண்ட்டேபிளில் உள்ள கடைக்காரர் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸிடம் கொடுத்தால் முதல் இரண்டு தரக் கற்களைக் கடையிலேயே வாங்கலாம். இதைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் புள்ளிகள் ஆயுதத்துக்கு எவ்வளவு பலம் கூட்டும் என்று காட்டும் ஸ்கேலிங் எழுத்துகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. எஸ், ஏ, பி, சி, டி, ஈ என்று காட்டப்படும் ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஒரு நீளமான வரம்பு ஒளிந்திருக்கிறது. இரண்டு வாள்களுக்கும் பி என்று இருந்தாலும் கொடுக்கும் பலன் ஒன்றாக இருக்காது. கேமின் ஆயுத அமைப்பில் நாங்கள் குறையாகச் சொல்லும் முதல் விஷயம் இது.

இனி பில்டுகள்.

ஸ்ட்ரெங்த் பில்டுக்கு எங்கள் முதல் தேர்வு கிரேட்ஸ்வோர்ட். கேலிட்டில், கேலம் ரூயின்ஸுக்கு வடமேற்கே சாலையோரம் நிற்கும் வண்டியின் பின்புறம் இருக்கிறது. சுற்றிலும் நாய்கள் திரியும், குதிரையில் போய் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடலாம். கேட்பது ஸ்ட்ரெங்த் 31, டெக்ஸ் 12. பயப்பட வேண்டாம். இரண்டு கைகளாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும், எனவே 21 இருந்தாலே தூக்கலாம். பிளேஸ்டேஷனில் முக்கோணப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆர்1, எக்ஸ்பாக்ஸில் ஒய் பிடித்தபடி ஆர்பி. இதே கணக்கில்தான் ஸ்ட்ரெங்த் 54 என்பது இந்த பில்டின் இயல்பான நிறுத்தமாகிறது: ஒன்றரை மடங்கில் 81. பலன் தளர ஆரம்பிக்கும் 80ஐ அங்கேயே தொட்டுவிடுகிறீர்கள். மிச்சப் புள்ளிகளை விகருக்கும் (உயிர்) என்டியூரன்ஸுக்கும் (சுமை தாங்கும் திறன்) அனுப்பலாம். 66இல் அது 99 ஆகிவிடும். இரண்டு கையால் பிடிப்பவருக்கு அதற்கு மேலும் பலன் ஏறும், ஆனால் மெதுவாகத்தான்.

கிரேட்ஸ்வோர்டை ஓட்டத் தெரிந்தால் ஒழிய அதன் அருமை புரியாது. நின்ற இடத்தில் ஆர்1 (சாதாரண அடி) அடித்துக்கொண்டிருந்தால், வாள் மேலே போய்க் கீழே வருவதற்குள் எதிரி இரண்டு முறை குத்திவிடுவான். குதித்து ஆர்2 (பலத்த அடி) அடிப்பதுதான் இதன் ஆதாரம். எதிரியின் கடைசி அடி விழுந்து முடியும் தருணத்தில் முன்னோக்கிக் குதியுங்கள், ஏறும்போதே ஆர்2ஐ அழுத்துங்கள், தரையிறங்கும்போது வாளும் சேர்ந்து விழும். தாழ்வாக வீசப்படும் பல அடிகள் அந்தக் குதிப்பின் கீழாகவே போய்விடும். நான்கைந்து முறை இப்படி விழுந்தால் பெரும்பாலான எதிரிகள் நிலைகுலைந்து முட்டி போடுவார்கள், உடனே கிரிட்டிகல் (பெரும் சேதம் தரும் சிறப்பு அடி) எடுக்கலாம். சொதப்புவது எங்கே என்றால், முட்டி போடவைத்த மகிழ்ச்சியில் இன்னொரு முறை குதிப்பது. அந்த அடி முடிவதற்குள் எதிரி எழுந்துவிடுவான், கிரிட்டிகல் போச்சு.

எடைதான் இதற்குக் கொடுக்கும் விலை: 23. மொத்தச் சுமை 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் ரோல் கனத்துப்போகும். அப்படி உருண்டு இந்த கேமில் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. என்டியூரன்ஸ் இல்லையென்றால் கவசத்தைக் குறையுங்கள், வாளைக் குறைக்காதீர்கள். அதையும் தாங்க முடியாதவர்களுக்கு காசில் மோர்னில் கிடைக்கும் கிளேமோர் இருக்கிறது. எடை 9, தேவை ஸ்ட்ரெங்த் 16, டெக்ஸ் 13. ஆர்1 அகலமாக வெட்டும், ஆர்2 நேராகக் குத்தும். குறுகிய குகையில் சுவரில் பட்டுத் தெறிக்காத அந்தக் குத்து எத்தனை முறை காப்பாற்றும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். ஜயன்ட்-கிரஷர் ஸ்ட்ரெங்த் 60 கேட்கும், இரண்டு கையில் 40 போதும். படிகத் தோல் கொண்ட கிறிஸ்டலியன்களை உடைப்பதில் இதுபோன்ற சுத்தியல் வகைகளுக்கு நிகரில்லை. ஆனால் அதன் வேகத்துக்குப் பழகாமல் அதை முதல் ஆயுதமாக எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

டெக்ஸ் பில்டில் புதிதாகத் தேடி அலைய வேண்டாம். உச்சிகட்டானா போதும், கடைசி பாஸ் வரை. ஸ்ட்ரெங்த் 11, டெக்ஸ் 15, எடை 5.5. ஒவ்வோர் அடியிலும் இயல்பாகவே 45 இரத்தக்கசிவு ஏற்றும்; அந்த அளவு நிரம்பினால் வெடித்துப் பெரிய சேதம் தரும். சாமுராய் அல்லாதவர்களுக்கு லிம்கிரேவின் டெத்டச்ட் கேட்டகம்ப்ஸில் ஒன்று இருக்கிறது. சாமுராய்க்கு அதுவே இரண்டாவது கத்தி. இரண்டையும் கைக்கொன்றாக வைத்துக் குதித்து எல்1 அடித்தால் இரண்டு வெட்டும் ஒன்றாக விழும், இரத்தக்கசிவு சீக்கிரம் நிரம்பும். ஒன்றை மறக்கக் கூடாது: ஒரே வகை ஆயுதங்கள் இரண்டு இருந்தால்தான் எல்1 இப்படி மாறும். அந்த நிலையில் ஸ்ட்ரெங்த்துக்கு ஒன்றரை மடங்குக் கணக்கும் கிடையாது.

ஆயுதத்தின் தன்மையையும் ஸ்கேலிங்கையும் மாற்றும் அஃபினிட்டிகளில், உச்சிகட்டானாவுக்கு கீன் போடுவதா, கோல்ட் (Cold) போடுவதா? டெக்ஸ் மட்டும் ஏற்றுபவர்களுக்கு கீன். அதன்மேல் தற்காலிகப் பலம் தரும் கிரீஸ் பூசலாம் என்பது கூடுதல் வசதி. கொஞ்சம் இன்டெலிஜென்ஸும் இருந்தால் கோல்ட். அது கத்தியின் சொந்த இரத்தக்கசிவை அழிக்காமல் உறைபனியையும் சேர்க்கும். உறைபனி வெடித்தால் எதிரி 30 விநாடிகளுக்கு 20 சதவீதம் அதிக அடி வாங்குவான். அந்த நேரத்தில் நெருப்பால் ஒரு முறை தொட்டால் உறைநிலை கலைந்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றலாம். கையில் ஒரு ஃபயர் பாட் இருந்தால் போதும்.

அஃபினிட்டி விஷயத்தில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபயர் என்ற அஃபினிட்டி ஸ்ட்ரெங்த்தோடு ஏறும். ஃப்ளேம் ஆர்ட் ஃபெய்த்தோடு ஏறும். இரண்டும் நெருப்புதான், இரண்டையும் திறப்பது ரெட்மேன் காசிலில் கிடைக்கும் அதே வெட்பிளேடு என்ற பொருள்தான்; ஆனால் ஃபெய்த் பில்டுக்கு ஃபயர் போட்டால் வாள் மந்தமாகிவிடும். லைட்னிங் டெக்ஸுக்கு, மேஜிக் இன்டெலிஜென்ஸுக்கு, சேக்ரட் ஃபெய்த்துக்கு. ஹெவி, கீன், குவாலிட்டி மூன்றையும் திறக்கும் அயர்ன் வெட்பிளேடு ஸ்டார்ம்வேல் கோட்டையிலேயே இருக்கிறது, பாதிப்பேர் அதை எடுக்காமல் கடந்துவிடுகிறார்கள். குவாலிட்டி என்பது ஸ்ட்ரெங்த், டெக்ஸ் இரண்டையும் உயரமாக ஏற்றியவர்களுக்கு மட்டும். நடுவழியில் அது ஹெவியிடமும் கீனிடமும் தோற்கும்.

இன்டெலிஜென்ஸ் பில்டுக்கு மூன்வேல். கேலிட்டின் கேல் டனலில் மேக்மா விர்ம் கொடுக்கும். ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ் 18, இன்ட் 23. இடுப்பில் வைத்த நிலையிலிருந்து ஆர்1 கிடைமட்டமாகவும் ஆர்2 செங்குத்தாகவும் நீல அலையை அனுப்பும். தூரத்தில் நிற்பவனையும் நிலைகுலையச் செய்வதுதான் இதன் பெரிய பலம். ஆனால் எஃப்பி (திறன்களுக்குச் செலவாகும் சக்தி) தீர்ந்துவிட்டால் அலை வராது, வெறும் கட்டானாதான் மிஞ்சும். எனவே எஃப்பியைக் கூட்டும் மைண்டையும் அதை நிரப்பும் நீலக் குடுவைகளையும் கவனியுங்கள். நிதானமான கை உள்ளவர்களுக்கு டார்க் மூன் கிரேட்ஸ்வோர்ட் இதைவிடப் பொருத்தம். இன்ட் 38 கேட்கும், ரானி என்ற கதாபாத்திரத்தின் நீண்ட பயணத்தை முழுதும் முடித்தால்தான் கிடைக்கும். வாளில் நிலவொளியை ஏற்றிவிட்டு, சார்ஜ் செய்த ஆர்2ஐ விட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் அலை போகும். அந்தப் பயணத்துக்காகக் காத்திருந்தது வீணில்லை என்று முதல் வீச்சிலேயே தெரிந்துவிடும்.

ஃபெய்த்துக்கு பிளாஸ்ஃபீமஸ் பிளேடு. இதில் எங்களுக்குள் இரண்டு கருத்தே இல்லை. பாஸ் ரைகார்டை வீழ்த்திக் கிடைக்கும் நினைவுச்சின்னத்தை ரவுண்ட்டேபிளில் இருக்கும் எனியாவிடம் கொடுத்து வாங்குவது. ஸ்ட்ரெங்த் 22, டெக்ஸ் 15, ஃபெய்த் 21. அதன் சிறப்புத் திறனான டேக்கர்ஸ் ஃப்ளேம்ஸ் ஒவ்வொரு முறையும் 30 எஃப்பி எடுக்கும், எதிரியைத் தொட்டால் உங்கள் உயிர் திரும்பும். எதிரிகளைக் கொன்றாலும் கொஞ்சம் திரும்பும், அதனால் நீண்ட வழிகளில் உயிரை நிரப்பும் சிவப்புக் குடுவை மிச்சமாகும். ஃபயர் ஜயன்டிடம் மட்டும் இந்த நெருப்பு மழுங்கும். அதற்கு முன்னால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, வீப்பிங் பெனின்சுலாவில் டூம்ஸ்வார்ட் ரூயின்ஸின் நிலவறையில் விங்க்ட் சைத் இருக்கிறது. ஃபெய்த் 24 வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். புனிதத் தாக்குதலை மட்டும் நம்பி ஆட்டத்தின் இறுதிக்குப் போகாதீர்கள்: கடைசி பாஸ்களான ராடகனும் எல்டன் பீஸ்ட்டும் அதற்கு அசைந்துகொடுக்க மாட்டார்கள்.

இரத்தக்கசிவைக் கூட்டும் ஆர்கேனுக்கு எல்லோரும் சொல்வது ரிவர்ஸ் ஆஃப் பிளட். அடுத்தடுத்த அப்டேட்களில் அதன் பலம் குறைக்கப்பட்டாலும் இன்னும் நல்ல ஆயுதம்தான். சிக்கல் என்னவென்றால் அது ஆட்டத்தின் பிற்பகுதியில் வரும் மவுன்டன்டாப்ஸ் வரை போனால்தான் கிடைக்கும். அதுவரை ரெடூவியா குத்துவாளோடு ஓட்டலாம்: ஸ்ட்ரெங்த் 5, டெக்ஸ் 13, ஆர்கேன் 13. லிம்கிரேவிலேயே, மர்க்வாட்டர் ஆற்றோரம் ஊடுருவும் நெரியஸைக் கொன்றால் கிடைத்துவிடும். இரத்தக்கசிவு நேரம் போகப்போக வடிந்துவிடும், எனவே அடி பெரிதாக இருப்பதைவிட அடுத்தடுத்து விழுவது முக்கியம். லார்ட் ஆஃப் பிளட்ஸ் எக்சல்டேஷன் தாலிஸ்மன் இருந்தால், அருகில் இரத்தம் வெடித்ததும் 20 விநாடிகளுக்கு உங்கள் தாக்குதல் 20 சதவீதம் ஏறும். கிறிஸ்டலியன்களிடமும் எல்டன் பீஸ்ட்டிடமும் இரத்தக்கசிவு செல்லாது. அங்கே வேறொரு ஆயுதம் பையில் இருக்க வேண்டும்.

கலப்பு பில்டுக்கு ஸ்வோர்ட் ஆஃப் நைட் அண்ட் ஃப்ளேம் அழகானதுதான், ஆனால் இன்ட் 24, ஃபெய்த் 24 இரண்டும் கேட்கிறது. 1.03 அப்டேட்டில் அதன் திறனையும் குறைத்துவிட்டார்கள். தாக்குதல் இரண்டு மூன்று வகையாகப் பிரியும்போது எதிரியின் தடுப்பும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கழிக்கும் என்பதால், திரையில் கூட்டித் தெரியும் எண் முழுதாக எதிரியின் மேல் விழாது.

எந்த பில்டாக இருந்தாலும் விகரைக் குறைக்காதீர்கள். 40இல் உயிர் 1450, 60இல் 1900. அதற்கு மேல் 99 வரை 39 லெவல் ஏற்றினாலும் கிடைப்பது 200தான், ஆகவே 60இல் நிறுத்திவிடலாம். தவறான இடத்தில் புள்ளிகளைக் கொட்டியவர்கள் கேரக்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பாஸ் ரெனாலாவை வென்றபின் அவரிடம் ஒரு லார்வல் டியர் (கண்ணீர்த் துளி) கொடுத்தால் எல்லாப் புள்ளிகளையும் திருப்பி எடுத்துவிடலாம். அந்தக் கண்ணீர்த் துளிகள் ஓர் ஆட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் கிடைக்கும், எனவே மாற்றி அமைக்கும் திரையில் புதிய ஆயுதத்தின் தேவைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். டெக்ஸில் ஒரு புள்ளி குறைந்துபோய் உறுதி செய்துவிட்டால், அந்த ஒன்றை நிரப்ப ஒரு லெவலுக்கான ரூன் தேடி அலைய வேண்டியிருக்கும்.