ஒரே நாளில் மலையும் மணலுமா? மஸ்கட் வரும் குமரி மாவட்டத்தார் கவனத்திற்கு

மஸ்கட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் நம் மாவட்டத்துப் பெற்றோரிடம், விசா, டிக்கெட் ஆகியவற்றோடு சேர்த்து, "ஒரே நாளில் ஜெபல் அக்தர் மலையும் வஹீபா பாலைவனமும்" என்றொரு சுற்றுலாவை மார்த்தாண்டம் பக்கத்து முகவர் ஒருவர் விற்று வருகிறார். கடந்த டிசம்பரில் தக்கலையிலிருந்து வந்த என் பெற்றோர், அதற்கான முழுப் பணத்தையும் ஊரிலேயே கட்டிவிட்டு வந்திருந்தார்கள். நானும் உடன் சென்றேன். மலையையும் பார்க்காமல், மணலிலும் கால் வைக்காமல், கூடுதலாகப் பணமும் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

வாட்ஸ்அப் விளம்பரத்தில் லேண்ட் குரூசர் வண்டி, தமிழ் பேசும் வழிகாட்டி, மதிய உணவு, ரோஜாத் தோட்டம், மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம் எல்லாம் இருந்தன. மஸ்கட்டிலிருந்து மலையடிவாரமான பிர்கத் அல் மவ்ஸுக்குப் போய், சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள ஜெபல் அக்தரின் சைக் பீடபூமிக்கு ஏறி இறங்கி, பிறகு கிழக்கே பாலைவன விளிம்பிலுள்ள பிதியா வரை ஓடி, மணலைப் பார்த்துவிட்டு மஸ்கட் திரும்புவதற்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஆகும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைவிட அது சற்றுத்தான் குறைவு. டிசம்பரில் அங்கே மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மலையின் ரோஜாவோ மார்ச் இறுதியில் பூக்கத் தொடங்கி, ஏப்ரலில்தான் பன்னீர் காய்ச்சும் அளவுக்குக் குவியும்; குளிர்காலத்தில் செடி மட்டுமே இருக்கும். தோவாளைப் பூச்சந்தை உள்ள மாவட்டத்துக்காரர் ஒருவர், பூவின் பருவம் அறியாமல் அந்தப் படத்தைப் போட்டார் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

காலையில் வந்து நின்றது ஒரு பழைய செடான் கார். அதன் மஞ்சள் எண்பலகையைப் பார்த்ததும், முறையான வாடகை வண்டிதான் என்று அப்பா நிம்மதியடைந்தார். நம் நாட்டில் அது சரி. ஓமானில் மஞ்சள் பலகை தனியார் வண்டிக்கு, வாடகை வண்டிகளுக்குச் சிவப்பு. ஆகவே, விபத்து நேர்ந்தால் கட்டணப் பயணிகளான எங்களுக்கு அந்த வண்டியின் காப்பீடு கைகொடுக்குமா என்பதே கேள்விக்குறி. வழிகாட்டி எங்கே என்று கேட்டதற்கு, "நான்தான் எல்லாம்" என்றார் ஓட்டுநர். அவருக்குத் தமிழ் வரும் என்பது மட்டும் விளம்பரத்தில் இருந்த உண்மை.

பிர்கத் அல் மவ்ஸைத் தாண்டியதும் மலைப்பாதையின் தொடக்கத்தில் காவல்துறைச் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. நான்கு சக்கரங்களும் இயங்கும் ஃபோர் வீல் வண்டிகளை மட்டுமே அதற்கு மேல் அனுமதிப்பார்கள். நீண்ட செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வரும் வண்டியில், சூடேறிய பிரேக் பிடிக்காமல் போகும் அபாயம் இருப்பதால், அந்த விதியில் தளர்வு கிடையாது. ஓமானில் வண்டியோட்டும் எவருக்கும் இது தெரியும். எங்கள் ஓட்டுநர் சாவடிக்கு முன்பே வண்டியை ஓரம் கட்டி, மேலே மழை பெய்து பாதை அடைபட்டுவிட்டதாகச் சொன்னார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டிகள் வரிசையாக ஏறிப் போயின. நான் இறங்கிச் சென்று காவலரிடம் விசாரித்தேன். பாதை திறந்தே இருந்தது. அதன் பிறகுதான் ஓட்டுநர், தெரிந்தவர் வண்டி ஒன்று இருப்பதாகவும், 40 ரியால் தனியாகக் கொடுத்தால் அழைத்துச் செல்வதாகவும் பேச்சை மாற்றினார். ஒரு ரியால் 200 ரூபாய்க்கும் மேல். மறுத்துவிட்டோம்.

பக்கத்திலுள்ள நிஸ்வா நகரில் கோட்டைக்குள் போக நேரமில்லை என்றவருக்கு, அல்வாக் கடையிலும் குந்திரிக்கக் கடையிலும் எங்களை நெடுநேரம் நிறுத்திவைக்க நேரம் இருந்தது. மதிய உணவு என்பது ஆறிப்போன பரோட்டாப் பொட்டலம்.

பிதியாவை அடைந்தபோது இருட்டிவிட்டது. அங்கும் இந்தக் கார் மணலில் இறங்காது என்று சொல்லி, வேறொருவருடைய லேண்ட் குரூசருக்கு முன்பணமாக 25 ரியால் வாங்கினார்கள். புதிய ஓட்டுநர் டயரில் காற்றைக் குறைத்தார். மணலில் புதையாமல் இருக்க அது தேவைதான். ஆனால் பின்னிருக்கையில் அம்மா பெல்ட்டை இழுத்துக்கொண்டு, மாட்டும் இடத்தைத் தேடினார். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால், கொளுவி இருக்க வேண்டிய இடத்தின் மேல் சீட் உறையை வைத்துத் தைத்திருந்தார்கள். தையல் நூலில் படிந்திருந்த அழுக்கைப் பார்த்தால், அது அன்றைக்குச் செய்த வேலை அல்ல. அம்மாவுக்கு முதுகெலும்புத் தேய்மானம் உண்டு. மணல்மேட்டில் வண்டியைத் தூக்கிப் போட்டு ஓட்டும் பயணத்துக்கு அப்படிப்பட்டவர்களை ஏற்றவே கூடாது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் இறங்கிவிட்டோம். கொடுத்த 25 ரியால் திரும்ப வரவில்லை.

ஊரிலிருந்து முகவரை அழைத்த அப்பாவுக்குக் கிடைத்த பதில்: "அண்ணாச்சி, வண்டி அனுப்பினது அங்க உள்ள ஆளு, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல." பணம் வாங்கியவர் இவர்; விளம்பரம் அனுப்பியவரும் இவர்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பின் அலுவலகம் எங்கிருந்தாலும் புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் அப்பா மனுக் கொடுத்திருக்கிறார். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்கள், வண்டியின் முல்க்கியாவையும் (ஓமானின் வண்டிப் பதிவு அட்டை) வழிகாட்டியின் சுற்றுலா அமைச்சக உரிமத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி இப்போதே எழுத்தில் கேளுங்கள். முகவர் அனுப்பிய விளம்பரத்தையும் ஜி-பே ரசீதையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.  எங்களுக்கு வந்த விளம்பரத்தைப் பயணத்துக்கு முன்பே அப்பா அச்செடுத்து வைத்திருந்ததால் மனுவோடு இணைக்க முடிந்தது.