எபாக்சித் தளத்தோடு சில ஆண்டுகள்: பூச்சின் மீது குறையில்லை, கொப்புளத்தின் மீதே கோபம்

எங்கள் உற்பத்திக் கூடத்தின் எபாக்சித் தளத்தில் (ரெசினையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் கலந்து கான்கிரீட்டின் மேல் பூசிய தளம்) மறுபடியும் பழுது பார்த்து முடித்திருக்கிறார்கள். இந்தப் பூச்சைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூசி எழுவதில்லை, எண்ணெய் சிந்தினால் துடைத்தால் போய்விடுகிறது, ஃபோர்க்லிஃப்ட் நாள் முழுவதும் ஓடும் பாதையில்கூட மெல்லிய கீறல்களைத் தவிர வேறு தேய்மானம் இல்லை. ஜன்னலை ஒட்டிய பகுதி மஞ்சளித்திருக்கிறது. வெயில் பட்டால் எபாக்சி அப்படித்தான் ஆகும் என்பதால் அதை நான் குறையாகக் கருதவில்லை.

பொறுக்க முடியாதது கொப்புளங்கள்தாம். ஒவ்வொரு முறையும் ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்து, பாரம் அதிகம் என்று காரணம் சொல்லி, கொப்புளத்தைச் சுரண்டி மேலே புதிதாகப் பூசிவிட்டுப் போகிறார்கள். சில மாதங்களில் அதற்குச் சற்றுத் தள்ளி அடுத்தது எழும்புகிறது. பாரம்தான் காரணம் என்றால், வண்டியே போகாத சுவரோரத்தில் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

இந்த முறை பூசுவதற்கு முன் கொப்புளம் ஒன்றைக் கத்தி முனையால் கீறச் சொன்னேன். உள்ளே அடைபட்டிருந்த நீர் பீறிட்டு வந்தது. விரலில் தொட்டால் வழவழப்பாக இருந்தது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளை நனைத்ததும் அது கருநீலமானது, அதாவது கடுங்காரம். மேலிருந்து சிந்திய தண்ணீர் இப்படி இருக்காது. கான்கிரீட்டின் காரத்தைக் கரைத்துக்கொண்டு அடியிலிருந்து ஏறிவந்த ஈரம், வெளியேற வழியின்றிப் பூச்சைத் தூக்கியிருக்கிறது. இந்த நிலையில் மேலே எத்தனை அடுக்கு பூசினாலும் பயனில்லை.

பெயர்ந்த பூச்சுச் சில்லைக் குப்பையில் போடுமுன் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். கான்கிரீட் படலமும் சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தால், பலவீனமான மேல்தோலைச் சரியாக கிரைண்டிங் செய்து நீக்கவில்லை என்று பொருள். அடிப்பக்கம் சுத்தமாக, வழுவழுவென்று இருந்தால் பூச்சு பிடிக்கவே இல்லை. ஈரமோ எண்ணெயோ தூசியோ நடுவில் இருந்திருக்கிறது. பிரைமர் எனப்படும் முதல் பூச்சு தரையிலேயே தங்கி மேலடுக்கு மட்டும் உரிந்திருந்தால், இரண்டாம் பூச்சுக்கு நாள் கடத்தியிருப்பார்கள், அல்லது முதல் பூச்சின் மேல் படிந்த அமைன் படலத்தை (ஹார்டனரில் உள்ள அமைன் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் மெழுகு போன்ற படிவை)க் கழுவாமல் விட்டிருப்பார்கள். அங்கங்கே பிசுபிசுப்பு மட்டும் தெரிந்தால் ரெசினும் ஹார்டனரும் சரியாகக் கலக்கவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். எது எப்படியானாலும், சுற்றியுள்ள பகுதியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, பூச்சு பிடிப்பு விட்டதைக் காட்டும் வெற்றொலி கேட்கும் எல்லை வரை சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளாமல் பழுதைத் தொடங்கக் கூடாது.

கான்கிரீட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்துப் பதினாறு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் தாளின் அடியில் நீர் வியர்த்திருந்தால் ஈரம் உறுதி. தெரியாவிட்டாலும் தளம் காய்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது, ஏனெனில் அது மேற்பரப்பைத்தான் காட்டுகிறது. துளையிட்டு, தளத்தின் தடிமனில் 40 விழுக்காடு ஆழத்தில் ஈரப்பதமானியை வைத்து அளப்பதே நம்பத் தகுந்தது. 150 மில்லிமீட்டர் தளத்துக்கு அது 60 மில்லிமீட்டர் ஆழம். எங்கள் தளத்தில் பூச்சுக்கு முன் இதைச் செய்ததற்கான ஒரு தாள்கூட ஒப்பந்ததாரரிடம் இல்லை என்பதுதான் என்னை மிகவும் புண்படுத்துகிறது.

மேல்மாடியின் உட்தளத்துக்கு எபாக்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மண்ணின் மேல் நேரடியாக அமைந்த, அடியில் ஈரத்தடுப்புத் தாள் இல்லாத எங்கள் தளத்தைப் போன்றவற்றுக்கு, இத்தனை நன்மைகளையும் அனுபவித்த பிறகும், வேண்டாம் என்றே சொல்கிறேன்.