பெருங்குடல் நோயோடு நான் சாப்பிடும் வேளச்சேரி மெஸ்

வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த மெஸ். பலகையில் பெயர்கூடக் கிடையாது, நாங்கள் அக்கா கடை என்போம். பன்னிரண்டு பேர் உட்காரலாம், மதியம் சாப்பாடு 90 ரூபாய், காலையிலும் இரவிலும் இட்லி, தோசை, இடியாப்பம். ருசியைப் பற்றி மட்டும் என்றால் இரண்டு வரி போதும்: காரம் மட்டாக இருக்கும், எண்ணெய் மிதக்காது, பருப்பு ரசம் பிரமாதம். ஆனால் எனக்கு 26 வயது, நாலு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வெளியில் சாப்பிடவே பயந்து கிடந்தவளை மறுபடியும் இலை முன்னால் உட்கார வைத்த கடை இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெயரைச் சொன்னதும் எல்லாரும் அல்சர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "வேளாவேளைக்குச் சாப்பிடாம இருந்திருப்ப, மோர் குடி, சரியாயிடும்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! இது இரைப்பைப் புண் இல்லை. பெருங்குடலின் உட்சுவரில் அழற்சி வந்து புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் குடலைத் தாக்குகிறது. 15 முதல் 35 வயதுக்குள் ஆரம்பிப்பதுதான் அதிகம், அதாவது படிப்பு, வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் வரும் அதே வயதில். எனக்கு முதலில் ரத்தம் வந்தபோது மூலம் என்று சொல்லி ஏழு மாதம் மருந்து கொடுத்தார்கள். எடை 11 கிலோ குறைந்த பிறகுதான் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் சோதனை, செய்து உண்மை தெரிந்தது. அப்புறம் ஸ்டீராய்டு, முகம் வீங்கி என்னை எனக்கே அடையாளம் தெரியாத சில மாதங்கள், இப்போது தினமும் குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை. நோய் அடங்கியிருக்கும் நாட்களில் உங்களைப் போலத்தான் இருப்பேன். கிளம்பிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து தடவைகூடப் போக வேண்டியிருக்கும், வருகிறது என்று தெரிந்த பிறகு இரண்டு நிமிடம்கூட அவகாசம் இருக்காது.

அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் மெனுவைப் பார்ப்பதற்கு முன்னால் கழிவறை எங்கே என்றுதான் பார்ப்பேன். இதே ஏரியாவில் ஒரு பெரிய ஓட்டலில், பில் கட்டிவிட்டு நிற்கும்போது அவசரமாகக் கேட்டேன், "அது ஸ்டாஃபுக்கு மட்டும்தான் மேடம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நடந்ததை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் வெளியில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், கிரோன் நோய் (இதே போன்ற இன்னொரு குடல் அழற்சி நோய்) இருந்த ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி ஒரு கடையில் மறுத்ததால், 2005இல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். இந்த மாதிரி நோய் இருப்பவர் கேட்டால், ஊழியர்களுக்கான கழிவறையானாலும் கடைக்காரர் திறந்துவிட வேண்டும். அதைப் படித்த அன்று ரொம்ப நேரம் அழுதேன்.

சரி, அக்கா கடைக்கு வருகிறேன். முதல் தடவை தோழி இழுத்துக்கொண்டு வந்தாள். பாதிச் சாப்பாட்டில் வயிறு முறுக்க ஆரம்பித்தது, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து அக்காவிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய சாவியை எடுத்துக் கையில் வைத்து, "பின்னாடி நேரா போம்மா, லைட்டு வெளியில இருக்கு" என்றார், அவ்வளவுதான். வெஸ்டர்ன் டாய்லெட், தரை ஈரமில்லை, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறது, வாளி நிறையத் தண்ணீர், ஆணியில் ஒரு பை மாட்டலாம். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம், கால் நடுங்க உள்ளே போகிறவளுக்கு இவைதான் எல்லாமே. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. என் சாப்பாட்டின் மேல் இன்னொரு இலையைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார். "ஆறிப்போச்சு, சாதம் மட்டும் சூடா போடறேன்" என்றார்.

இரண்டாவது காரணம், கேட்டதற்கு உண்மையைச் சொல்வார். மாவில் சோடா போடுகிறீர்களா, சாம்பார் நேற்றையதா என்று வேறு கடையில் கேட்டால் முறைப்பார்கள். இவர், "தயிர் நேத்து வச்சது, புளிச்சிருக்கு, உனக்கு வேணாம்" என்று தானே சொல்லுவார். ஒரு நாள் முருங்கைக்கீரைப் பொரியல் வைக்கும்போது, "நார் அதிகம், ஒத்துக்குமா? ரெண்டு இட்லி ஊத்தித் தரவா?" என்று கேட்டார். எனக்கு நோய் கிளம்பிய நாட்களில் நார், விதை, பச்சை மிளகாய், பால் எதுவும் ஆகாது என்று ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன். இப்போது "இன்னைக்கு முடியலக்கா" என்றால் போதும், குழைய வேகவைத்த சாதம், மிளகாய் போடாத சுரைக்காய்க் கூட்டு, தெளிந்த ரசம் வந்துவிடும். நன்றாக இருக்கும் நாளில் எல்லாரும் சாப்பிடுவதையே நானும் சாப்பிடுகிறேன், வத்தக்குழம்புகூட.

இதே நோய் இருப்பவர்கள் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன், சாப்பாடு இந்த நோயைக் குணப்படுத்தாது, மாத்திரையை விட்டுவிட்டு இட்லியை நம்பாதீர்கள். எனக்கு ஒத்துக்கொள்வது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எதைச் சாப்பிட்டால் என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள், எனக்கு அது உதவியது.

குறைகளும் உண்டு. மதியம் ஒரு மணிக்குப் போனால் இடம் கிடைக்காது, வாசலில் நிற்க வேண்டும், வயிறு சரியில்லாத நாளில் அது பெரிய கஷ்டம், அதனால் நான் 12 மணிக்கே போய்விடுவேன். சாயங்காலம் பஜ்ஜி போடுவார்கள், அந்த எண்ணெய் வாசனை எனக்குக் குமட்டும். மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் தேங்கும். ஒரே கழிவறைதான், உள்ளே ஆள் இருந்தால் வேறு வழியில்லை. ஃபேன் ஒன்று ஓடுவதே இல்லை, நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிறு விடுமுறை. ஜிபே உண்டு. பார்சலுக்கு உங்கள் டப்பாவைக் கொண்டுபோனால் 5 ரூபாய் குறைப்பார்கள். சாவி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில், நீலக் கயிறு கட்டித் தொங்கும். காரணம் சொல்ல வேண்டாம், கையை நீட்டினால் போதும்.